பதினாறாவது குழியிலிருந்து கல்யாணத்துக்கு

அரிசோனாவில் கடவுள் பாலைவனத்தைப் போட்டபோது யாரிடமும் காசு வாங்கவில்லை. அதனால்தான் அதற்கு மரியாதை இல்லாமல் போனது என்பது காப்பர் லான்டர்ன் ரிசார்ட்காரர்களின் கட்சி.

அந்த ரிசார்ட்டின் கோல்ஃப் மைதானம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் தொடங்கியது. அப்போது பாலைவனத்துக்கு நடுவில் அங்கங்கே நாலு பாய் விரித்தமாதிரி புல் இருந்தது. பிறகு வந்த முதலாளிகளுக்கு ஆசை விடவில்லை. மிச்சமிருந்த பாலைவனத்தையும் வழித்தெடுத்து லாரியில் ஏற்றி எங்கேயோ கொட்டிவிட்டு, மூலைமுடுக்கெல்லாம் புல்லைப் போட்டார்கள். அதற்குத் தண்ணீர் காட்டியே மூன்று நிர்வாகங்கள் திவாலாயின. நாலாவதாக வந்த நிர்வாகம் கெட்டிக்கார நிர்வாகம். "அறுபத்திரண்டில் இருந்தது இருந்தபடி மீட்டெடுக்கப் போகிறோம்" என்று அறிவித்து, பாதிப் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நெவாடாவிலிருந்து நல்ல பாலைவனமாகப் பார்த்து விலைக்கு வாங்கி வந்து பரப்பியது. தண்ணீர்ச் செலவு பாதியானது. ஆட்டக் கட்டணம் மூன்று மடங்கானது. பெருமை எத்தனை மடங்கு என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

யூமா ஊரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் வெர்லின் ஹட்ஸ்பெத்துக்கும் இந்தப் பெருமைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அவருடைய ஒரே மகள் கோரிக்கு அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ரிசார்ட்டின் புல்தரையில் கல்யாணம். கல்யாணத்தன்று காலையில் ஆண்கள் கோல்ஃப் ஆடுவது மாப்பிள்ளை வீட்டு வழக்கமாம். மாப்பிள்ளையும் அவன் சிநேகிதர்களும் விடியும்போதே ஆடி முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரியவர்கள் இருவரும் சாவகாசமாக ஆடலாம் என்று சம்பந்தி ராய்ஸ் பென்னிங்டன் ஏற்பாடு செய்திருந்தார். பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி கட்டும் டாக்டர் ராய்ஸ். இந்த மைதானத்தை மீட்டெடுத்த குழுவிலும் ஓர் உறுப்பினர். மனுஷன் கோணலான எதையும் சகிக்க மாட்டார்.

வெர்லினின் மனைவி ஆர்டிஸ் காலையிலேயே சொல்லி அனுப்பினாள். "அந்தாளு என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கோ. ஆனா மூணு மணிக்கு நீ குளிச்சு கோட்டுப் போட்டு நிக்கணும். இல்லேன்னா உனக்கும் எனக்கும் ஆகாது, சொல்லிட்டேன்."

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். மகளைக் கையைப் பிடித்து நடத்திப் போய் மாப்பிள்ளையிடம் விடும் அந்த நாற்பது ஐம்பது அடி நடைக்காக வெர்லின் இரண்டு வாரமாகக் கடையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மெத்தை வரிசைகளுக்கு நடுவே துடைப்பத்தைக் கையில் கோத்துக்கொண்டு நடப்பார். அவருக்கு நடையே ஓட்டம்தான். "மெதுவா நடப்பா, என்னை இழுத்துக்கிட்டு ஓடப் போற" என்று கோரி தொலைபேசியில் தினமும் கிண்டல் பண்ணுவாள். அந்த நடை ஒன்றுதான் அவருக்கு வேண்டும். கோல்ஃப் யாருக்கு வேண்டும்?

ஆட்டம் தொடங்குகிற மேடையில் லைல் போடீன் என்ற கிழவர் காத்திருந்தார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் ஆடுபவர்களோடு கூடவே போய் விதிகளை எடுத்துச் சொல்வது அவர் வேலை. சம்பளம் கிடையாது, திங்கட்கிழமை இலவசமாக ஆடிக்கொள்ளலாம். பாலைவன வெயிலில் கம்பளிக் கால்சட்டை, கழுத்துப்பட்டை, முழங்கால்வரை உறை என்று நின்றார் பாவம். வேர்வை தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், அரைக்கால் சட்டையோட ஆட முடியாது. அறுபத்திரண்டுல யாரும் முழங்காலைக் காட்டலை" என்றார்.

"அறுபத்திரண்டுல எனக்கு வயசு ஒண்ணு. நான் காட்டியிருப்பேன்" என்றார் வெர்லின்.

அவருக்கும் ஒரு கம்பளிக் கால்சட்டை வந்தது. இடுப்பில் இரண்டு பேர் போகலாம். ராய்ஸ் அதே உடையில், துணிக்கடை பொம்மைபோல் நறுக்கென்று நின்றார். லைல் ஒரு பழுப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்து அறுபத்திரண்டாம் வருடத்து மைதான விதிகளை வாசித்தார். ஒவ்வொரு குழியிலும் ஆட்டத்துக்கு முன்னால் இது வாசிக்கப்படும், தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்க வேண்டும். விதிகளில் முக்கியமானது ஒன்றுதான்: பந்து புல்லில் விழுந்தாலும் பாலைவனத்தில் விழுந்தாலும், ஆட்டக்காரர் அங்கே போய், அது கிடந்த இடத்தில் கிடந்தபடியே ஆட வேண்டும்.

வெர்லின் அடித்தார். அவர் பந்துக்கு ஒரு குணம் உண்டு. நேரே பார்த்து அடித்தால் கொஞ்ச தூரம் நேரே போய்விட்டு, மறந்துபோன சாமான் ஞாபகம் வந்தமாதிரி வலது பக்கம் திரும்பிவிடும். பந்து பாலைவனத்தில் விழுந்தது. வெர்லின் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க சார் போறீங்க?"

"கிடந்தபடியே ஆட."

"அங்க போகக் கூடாது சார். மீட்டெடுத்த பாலைவனம். கால் வைக்கக் கூடாது."

"இப்பத்தானே அங்க போய் ஆடணும்னு வாசிச்சீங்க."

"வாசிச்சேன். அது அசல்தன்மைத் துறையோட விதி. கால் வைக்கக் கூடாதுங்கறது பாலைவனப் பராமரிப்புத் துறையோட விதி. ரெண்டும் அமல்ல இருக்கு." லைல் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு துறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது சார். நீங்க வேற பந்து எடுத்துக்குங்க."

ராய்ஸ் பொறுமையாக விளக்கினார். "வெர்லின், யாராவது அனுமதியில்லாம அந்த மண்ணுல கால் வெச்சா, அன்னிக்கு மைதானத்து ஓரத்துல நடக்கிற எல்லா விசேஷமும் நிறுத்தப்படும். ஆய்வு முடியறவரைக்கும். கல்யாண ஒப்பந்தத்துலயே இருக்கு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ஆய்வு எவ்வளவு நேரம்?"

"மழைக்காலத்துல பண்ணுவாங்க."

வெர்லின் மட்டையைப் பையில் போட்டார்.

அடுத்தது வண்டி. இரண்டு பேர் உட்காரும் சின்ன மின்சார வண்டி. வெளியே பார்க்க அறுபத்திரண்டு, உள்ளே மட்டும் செயற்கைக்கோளோடு தொடர்பு. சக்கரம் பாதையை விட்டு ஒரு சாண் இறங்கியதும் நின்றுவிட்டது. உள்ளிருந்து ஒரு பெண்குரல், தேன் தடவிய குரல், சொன்னது: "அன்பு விருந்தினரே, நீங்கள் வரலாற்றை விட்டு விலகுகிறீர்கள். தயவுசெய்து பின்னால் செல்லவும்."

மூன்றாவது குழியில் வெர்லினின் பந்து வலது பக்கம் போய் ஒரு கல்லில் மோதியது. கல்லின் கருஞ்சிவப்புத் தோல் பெயர்ந்து, உள்ளே சுண்ணாம்பாக வெள்ளை தெரிந்தது. லைல் விசில் ஊதினார். எங்கிருந்தோ ஒருவர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, நீளக் கழியோடு வந்தார். பாதையில் நின்றபடியே கல்லின் காயத்தில் புஸ் என்று அடித்தார்.

"என்னது அது?" என்றார் வெர்லின்.

"வயசு சார்" என்றார் தெளிப்பவர். "இப்ப அடிச்சது பத்தாயிரம் வருஷம். காய்ஞ்சதும் மேல இன்னொரு அஞ்சாயிரம் குடுப்போம்."

ஏழாவது குழிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம். கம்பளிக்குள் வெந்துபோயிருந்த வெர்லின் ஐஸ் போட்ட டீ கேட்டார். ஐஸ் இல்லை. அறுபத்திரண்டு மார்ச்சில் ஐஸ் இயந்திரம் பழுதாகிக் கிடந்ததாம். அதனால் ஒவ்வொரு மார்ச்சும் பழுதாகிக் கிடக்கும்.

"புது இயந்திரம்தானே அது?" என்று பளபளத்த பெட்டியைக் காட்டினார் வெர்லின்.

"புதுசுதான்" என்றார் ராய்ஸ் பெருமையோடு. "பழுதாக்கறதுக்குன்னே வாங்கினது. அதே மாதிரி பழுது வர நிபுணருங்க ரெண்டு பேர் வேலை பார்த்தாங்க."

டீ வெந்நீராக வந்தது. குடித்தார். தலையை ஆட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தாளே ஆர்டிஸ், ஆட்டினார். ஆனால் ஒவ்வொரு குழியிலும் தொப்பியைக் கழற்றுவதும், விதி கேட்பதும், பந்தைத் தொலைப்பதும், முன்னால் போன ஏதோ காப்பீட்டுக் கம்பெனிக் கூட்டம் நகர்வதற்குக் காத்திருப்பதுமாக நேரம் கரைந்துகொண்டே போனது. "பாதியில திரும்பிடலாமா ராய்ஸ்?" என்று கேட்டுப் பார்த்தார்.

"திரும்ப வழியில்லையே. மத்த மைதானத்துல ஒன்பதாவது குழி கட்டடத்துக்குப் பக்கத்துல வந்து முடியும். இங்க பதினெட்டுக் குழியும் முடிச்சாத்தான் கட்டடம் வரும். அறுபத்திரண்டுல வரைஞ்சவர் அப்படி வரைஞ்சுட்டார்."

"ஏன் அப்படி வரைஞ்சார்?"

"மறந்துட்டாராம். அந்த மறதியையும் சேர்த்துத்தான் மீட்டிருக்கோம்."

பதினாலாவது குழியில் வெர்லின் ஆர்டிஸைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தார். சிக்னல் இல்லை. லைல் தூரத்தில் நின்ற இரண்டு ஆள் உயரக் கள்ளியைக் காட்டி, "அதுக்குக் கிட்டப் போங்க சார், நல்லா எடுக்கும்" என்றார். கள்ளி உர்ரென்று மின்விசிறிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கைபேசிக் கோபுரம்.

"எங்க இருக்க?" என்றாள் ஆர்டிஸ்.

"ஒரு கள்ளிக்குப் பக்கத்துல."

"வெர்லின், நான் சாந்தமாப் பேசிக்கிட்டிருக்கேன். கோரி ரெண்டு தடவை கேட்டுட்டா. ரெண்டாவது தடவை கேட்டப்ப அவ குரல் சரியில்லை. நீ வந்து சேரு."

வெர்லின் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். கல்யாணத்துக்கு லேட்டாக வந்த அப்பா என்று ஊர் பேசினால் பேசட்டும். கோரி தனியாக நடந்து போவாளே, அதை நினைத்தால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

பதினாறாவது குழியில் அவர் கண்ணுக்கு அது தெரிந்தது. வலது பக்கம், கூப்பிடு தூரத்தில், பாலைவனத்துக்கு அந்தப் புறம், வெள்ளை நாற்காலிகள் வரிசை வரிசையாக. பூ வளைவு. ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். வயலின் சத்தம்கூடக் கேட்டது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கல்யாணம், குறுக்கே நடந்து போனால் நின்றுபோகும். சுற்றிப் போனால் பாதை பதினேழு, பதினெட்டு என்று மலையடிவாரம்வரை வளைந்து போகிறது. அங்கே காப்பீட்டுக் கம்பெனிக் கூட்டம் மூன்று வரிசையாகக் காத்துக் கிடந்தது.

வெர்லின் வண்டியை வலது பக்கம் ஒடித்தார். வரலாற்றை விட்டு விலகுவதாக வண்டி சொன்னது. இன்னொரு தடவை ஒடித்தார். வண்டி செத்தே போனது.

லைல் விசில் ஊதியதில் இரண்டு வண்டிகள் இரண்டு திசையிலிருந்து வந்தன. ஒன்றில் அசல்தன்மை இயக்குநர் கிரெடா வான் ஹார்ன், தலையில் அறுபத்திரண்டு மாடல் கொண்டை. மற்றதில் பாலைவனப் பராமரிப்புத் தலைவர் ஹாலிஸ் க்ரோ, காலில் துணி உறை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் லைலைப் பார்த்துப் பேசினார்கள்.

வெர்லின் நிலைமையைச் சொன்னார். என் மகள் கல்யாணம், அதோ தெரிகிறது, குறுக்கே விடுங்கள், காலணியைக் கழற்றிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினார்.

ஹாலிஸ் உருகிவிட்டார். "சார், எனக்கும் மகள் இருக்கா. உங்க மனசு புரியுது. ஆனா இந்தப் பாலைவனத்தைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். இங்க முன்னால இருந்தது சும்மா தானா உண்டான பாலைவனம். தரக் கட்டுப்பாடே கிடையாது. பாம்பு இருந்துச்சு, தேள் இருந்துச்சு, கண்ட இடத்துல கல் கிடந்துச்சு. இது அப்படியில்லை. பதினோரு மில்லியன் டாலர். ஒவ்வொரு கல்லும் எங்க இருக்கணும்னு கமிட்டி போட்டு முடிவு பண்ணினது. இயற்கையைக் காப்பாத்தணும்னா முதல்ல அதை இயற்கைகிட்டேருந்து காப்பாத்தணும் சார்."

கிரெடா லைலிடம் சொன்னார். "அவர்கிட்ட சொல்லுங்க, பாலைவனம் அவர் பொறுப்பா இருக்கலாம், ஆனா அது எந்த வருஷத்துப் பாலைவனம்ங்கறது என் பொறுப்பு. மிஸ்டர் ஹட்ஸ்பெத், எங்க நோக்கம் விருந்தினர்களோட சந்தோஷம் மட்டும்தான். அறுபத்திரண்டுல விருந்தினர்கள் எவ்வளவு சந்தோஷமா இருந்தாங்களோ அவ்வளவு. அதுக்கு மேல போனா அது அசலா இருக்காது."

வெர்லின் சம்பந்தியைப் பார்த்தார். "ராய்ஸ், உங்க பையனுக்கும்தான் கல்யாணம்."

ராய்ஸின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் முதுகு வளையவில்லை. "ஸ்பென்சர் புரிஞ்சுப்பான். அவனை விதியோடதான் வளர்த்தேன். வீடியோ எடுப்பாங்க."

அந்த நேரத்தில் லைல், வழக்கம்போல், தொப்பியைக் கழற்றிவிட்டுப் பதினாறாவது குழிக்கான விதியை வாசிக்க ஆரம்பித்தார். வேலைக்கு வந்தால் வேலையைச் செய்கிற மனுஷன். பந்து பாலைவனத்தில் விழுந்தாலும் ஆட்டக்காரர் அங்கே போய், கிடந்தபடியே ஆட வேண்டும்.

வெர்லின் நிமிர்ந்தார். "அம்மா, இந்த விதி அமல்ல இருக்கா?"

"நிச்சயமா" என்றார் கிரெடா. "இந்த மைதானத்தோட உயிரே அதுதான். ஆனா இதுவரைக்கும் யாரும் அதை வற்புறுத்தலை. எல்லாரும் புதுப் பந்து எடுத்துக்கறாங்க. சோம்பேறித்தனம்."

"நான் வற்புறுத்தினா?"

கிரெடாவின் கண்ணில் ஈரம் கசிந்தது. "வற்புறுத்துவீங்களா?" என்றார்.

"ஆட்டக்காரரா உள்ள போனா அது விதிமீறல் இல்லையே? கல்யாணம் நிக்காதே?"

"விதியைக் கடைப்பிடிக்கிறது எப்படி மீறலாகும்? அவர்கிட்ட சொல்லுங்க லைல், இது என் துறை."

ஹாலிஸ் வாயைத் திறந்தார். அதற்குள் வெர்லின் பந்தை வைத்துவிட்டார். அவர் செய்ய வேண்டியதெல்லாம் வலது பக்கம் அடிப்பது மட்டும்தான். வாழ்நாள் முழுக்க அவருக்கு வந்த ஒரே வித்தை. காலை முதல் பதினைந்து குழியிலும் தவறாமல் செய்தது. மூச்சை இழுத்து, மகளை நினைத்து, அடித்தார்.

பந்து நூல் பிடித்தமாதிரி நேரே போனது. புல்வெளியின் நட்டநடுவில், யாரோ சொல்லிவைத்தமாதிரி விழுந்து உருண்டு நின்றது. லைல் கை தட்டினார். ராய்ஸ், "வெர்லின், இது... இது ரொம்ப அழகு" என்றார்.

"சனியனே" என்றார் வெர்லின், பந்தைப் பார்த்து.

எல்லோரும் பாதையோடு நடந்து பந்திடம் போனார்கள். இன்னும் வலது பக்கம்தான் கல்யாணம். நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வெர்லின் வேண்டுமென்றே கோணலாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மட்டையைக் கண்டபடி வீசினார். பந்து வானத்தில் எழும்பி, வளைந்து, குழிக்கு ஒரு முழம் தள்ளிப் பச்சைப் புல்லில் போய்ப் பூப்போல உட்கார்ந்தது. அதிர்ஷ்டம் வேண்டாத நேரத்தில் வீட்டு வாசலில் வந்து உட்காரும் என்பார்கள், சும்மாவா சொன்னார்கள்?

ராய்ஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தட்டு தட்டினாப் போதும் வெர்லின். மூணு அடியில பதினாறாவது குழி. நானே பதினொரு வருஷமா ஆடறேன், எனக்கு அமையலை. உங்க பேரைப் பலகையில எழுதுவாங்க."

வெர்லின் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். குழி காலடியில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. தட்டினால் உள்ளே. உள்ளே போனால் இந்தக் குழி முடிந்தது, பிறகு பதினேழு, மலையடிவாரம், காப்பீட்டுக் கம்பெனி. வயலின் வேறு பாட்டுக்கு மாறியது. அவர் பையிலிருந்து பெரிய இரும்பு மட்டையை உருவினார். குழிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சார், குழி அந்தப் பக்கம்" என்றார் லைல் மெதுவாக.

"தெரியும்."

"வெர்லின், வேண்டாம்" என்றார் ராய்ஸ். மகன் கல்யாணத்துக்கு வராத கண்ணீர் அப்போது வந்தது அவருக்கு.

வெர்லின் ஓங்கி அடித்தார். குழியைச் சுற்றி இருந்த மீட்டெடுத்த புல்லில் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து பறந்தது. பந்து பாலைவனத்தின் நட்டநடுவில், ஹாலிஸ் கமிட்டி போட்டு வைத்த இரண்டு கல்லுக்கு நடுவே போய் விழுந்தது.

"கிடந்தபடியே ஆடப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே இறங்கினார்.

அந்த மண் புது மண். கால் வைத்த இடமெல்லாம் பொதுக் பொதுக்கென்று புதைந்தது. பின்னால் ஹாலிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கிரெடா, "அறுபத்தோரு வருஷத்துக்கப்புறம் ஒருத்தர்" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். இவர்கள் இருவரும் லைலை நடுவில் வைத்துச் சண்டை பிடிக்கட்டும். ராய்ஸ் ஓரத்தில் நின்று தவித்தார். நாற்காலிகளைப் பார்த்தார், விதி அட்டையைப் பார்த்தார். பிறகு, "ஏற்கெனவே பதிஞ்ச தடத்துல கால் வெச்சா அது புதுச் சேதம் ஆகாது" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வெர்லினின் ஒவ்வொரு காலடியிலும் தன் பெரிய காலை வைத்து, கொக்கு மாதிரி பின்னாலேயே வந்தார்.

வெர்லின் பந்தைக் கிடந்தபடியே அடித்தார். இந்தத் தடவை அது அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. நேரே போய், கடைசி வரிசை நாற்காலிக்கு அடியில் நுழைந்தது. யாரோ ஒரு அத்தைக்காரி காலைத் தூக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் கோரி அவரைப் பார்த்தாள். பூ வளைவுக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தவள், வெள்ளைக் காலணி இரண்டையும் கழற்றி ஒரு கையில் பிடித்தாள், மறு கையில் பாவாடையை வாரிச் சுருட்டினாள், வெறுங்காலோடு பாலைவனத்தில் இறங்கி ஓடி வந்தாள்.

"அவங்க யாரு? அவங்க ஆட்டக்காரர் இல்லை" என்று ஹாலிஸ் கத்தினார். "விசேஷத்தை நிறுத்துங்க."

கோரி அப்பாவிடம் வந்து சேர்ந்தாள். கம்பளிக் கால்சட்டையையும் வேர்வையையும் பார்த்தாள். "என்னப்பா கோலம் இது?" என்றாள். சிரித்தாள், உடனே அழுதாள். அவர் கையோடு கை கோக்க வேண்டும், ஆனால் அந்தக் கையில் மட்டை இருந்தது. அதைப் பிடுங்கித் தன் தோளில் சாத்திக்கொண்டாள்.

லைல் போடீன் பழுப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "மட்டையைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. அறுபத்திரண்டு விதிப்படி மட்டை தூக்குற ஆள் எங்க வேணா வரலாம்." அந்த அட்டையில் அப்படி ஒரு விதி இருந்ததா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

வெர்லின் வேகமாக நடக்க ஆரம்பித்தார். "மெதுவாப்பா" என்றாள் கோரி. "நேரமாயிடுச்சேம்மா." "எல்லாரும் உட்கார்ந்துதானே இருக்காங்க. மெதுவா நட." மெத்தைக் கடையில் பழகிய நடையை அவர் அங்கே நடந்தார். பின்னால் சம்பந்தி கொக்கு நடை நடந்து வந்தார். நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே கணவனின் கால்சட்டையை முறைத்தாள். கல்யாணம் நடந்தது.

மறு வருடம் கல்யாண நாளுக்கு ரிசார்ட்டே பாதி விலையில் அறை கொடுத்துக் கூப்பிட்டது. கோரி, ஸ்பென்சர், ஆர்டிஸ், வெர்லின் நாலு பேரும் போனார்கள். லைல் அங்கே இல்லை. யூமாவில் மஞ்சள் புல் மைதானத்தில் அரைக்கால் சட்டையோடு ஆடிக்கொண்டிருக்கிறார், சனிக்கிழமைதோறும் வெர்லினோடு. அவருடைய இடத்தில் ஒரு இளம் வழிகாட்டிப் பெண் இருந்தாள்.

பதினாறாவது குழிக்குப் பக்கத்தில் தடித்த கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், மண்ணில், ஒரு வரிசைக் காலடி. மேலே அரக்கு மாதிரி எதையோ ஊற்றி இறுக்கியிருந்தார்கள். ஐம்பது பேர் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் அனுமதி.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு மார்ச் மாதம்" என்று வழிகாட்டிப் பெண் உருக்கமாகச் சொன்னாள், "மகள் கல்யாணத்துக்கு நேரமாயிடுச்சுன்னு ஒரு அப்பா இந்தப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்து போனார். அந்தக் காலடியைத்தான் நாங்க மீட்டெடுத்திருக்கோம்."

வெர்லின் கயிற்றுக்கு அடியில் காலை நீட்டி முதல் தடத்தில் வைத்துப் பார்த்தார். கால் தொளதொளவென்று கிடந்தது. சம்பந்தி காலுக்குத்தான் அது சரியாக இருக்கும்.

"சார், அங்க கால் வைக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். "அது ஒரு அப்பாவோட காலடி."

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் வெர்லின். காலை எடுத்துக்கொண்டு வரிசையைக் கடைசிவரை பார்த்தார். எதையோ தேடினார். "பாதியிலேருந்து இன்னொரு தடம் வரணுமே. சின்னதா, வெறுங்கால்."

"ஆமா சார், இருந்துச்சு. எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். "நிபுணருங்க பார்த்துட்டு, அது பின்னால யாரோ நடந்த தடம்னு சொல்லிட்டாங்க. அறுபத்திரண்டுல கல்யாணப் பெண் காத்துக்கிட்டுத்தான் நிப்பாங்களாம். அதனால சமப்படுத்தி, மேல வயசு தெளிச்சிட்டோம்."

வெர்லின் எட்டிப் பார்த்தார். அந்த இடம் வழித்துவிட்டதுபோல் மொழுமொழுவென்று கிடந்தது.

கோரி குனிந்து செருப்பைக் கழற்றினாள். ஒரு கையால் ஸ்பென்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். மண்ணில் வெறுங்காலை அழுத்தி வைத்தாள், ஐந்து விரலும் பதிகிற மாதிரி. பிறகு அடுத்த காலை. பக்கத்தில் ஒரு கல்லுக்குள்ளிருந்து தேன்குரல் கேட்டது.

"அன்பு விருந்தினரே, நீங்கள் வரலாற்றை விட்டு விலகுகிறீர்கள்."

"ஆமா" என்றாள் கோரி கல்லைப் பார்த்து. பிறகு திரும்பிக் கையை நீட்டினாள். "வாப்பா. மெதுவா."